அத்தானின் குரல் உடைந்த விதம்

கருவி வேலை செய்யவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "பிளக்கை மாட்டினீங்களா?" என்பதைத்தான். பாதிப் பேர் மாட்டியிருக்க மாட்டார்கள். மீதிப் பேர் மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டிருக்க மாட்டார்கள். முப்பது வருடமாக அமெச்சூர் ரேடியோவில் இருக்கிறேன்; மனிதர்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டது அவ்வளவும் இதற்குள் அடங்கிவிடும்.

நம் சங்கத்தின் நிர்வாகக் குழு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. குழுவில் இருவருக்கு டிஜிட்டல் என்றாலே தலை சுற்றும் என்பதால் அடியிலிருந்து சொல்கிறேன்.

ஹாட்ஸ்பாட் என்பது சோப்பு டப்பா அளவுள்ள ஒரு பெட்டி. ஒரு பக்கம் வீட்டு வைஃபையோடு பேசும், மறுபக்கம் கையிலிருக்கும் வாக்கி டாக்கியோடு பேசும். சமையலறையில் நின்று பொத்தானை அழுத்திப் பேசினால், பெட்டி அதை வாங்கி இணையத்தில் ஏற்றிவிடும். நாற்பது வீடுகளில் கேட்கும். நம் காலை ஏழு மணிக் கூட்டம் இப்படித்தான் நடக்கிறது. பன்னிரண்டு வருடம் அதை நடத்தியவன் நான். பெயர் வாசித்து ஒவ்வொருவராக அழைப்பேன், வானிலை சொல்வேன், முடித்துவைப்பேன். யாரும் குறை சொன்னதில்லை. யாரும் எதுவுமே சொன்னதில்லை.

என் அக்காவின் கணவர் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடம் முன்பு தொண்டையில் கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். அதன்பின் ஆறு மாதம் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், தினமும் ஒரு மணி நேரம் யாரிடமாவது பேசச் சொன்னாள். அக்காவிடம் பேச அவருக்கு விஷயம் மிச்சமில்லை. முப்பத்தைந்து வருடத்தில் தீர்ந்திருந்தது. நான்தான் அவரைப் பரீட்சை எழுதவைத்து, உரிமம் வாங்கவைத்து, பெட்டியைக் கொண்டுபோய் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் பொருத்தினேன். அவருக்குக் குரல் திரும்பியதே என்னால்தான். குழு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிய குரலை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. தினமும் ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் ஆறு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று கதை சொல்வார். நம் கூட்டத்துக் கம்பவுண்டர் பல் துலக்கிக்கொண்டே கேட்பாராம். லாரி ஓட்டுகிறவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்பாராம். என் வானிலையை யாரும் வண்டியை நிறுத்திக் கேட்டதில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் ஒரு நாட்டின் தலைநகரைச் சொன்னேன். அத்தான் குறுக்கே வந்தார். "மச்சான், அது தலைநகரம் இல்ல, துறைமுகம். கப்பல் புடிக்கப் போறதா இருந்தா சரி." நாற்பது பேர் சிரித்தார்கள். டிஜிட்டலில் சிரிப்பு மிகத் தெளிவாகக் கேட்கும். அடுத்த மாதம் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தீர்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அதற்குச் சில வாரம் கழித்து அவர் பெட்டியில் நிஜமாகவே ஒரு பழுது வந்தது. பேச்சு துண்டு துண்டாகப் போனது. போய்ப் பார்த்தேன். இந்தப் பெட்டிகளில் ஒவ்வொன்றும் அதிர்வெண்ணில் மயிரிழை விலகி இருக்கும். அதைச் சரிக்கட்ட, லேப்டாப்பில் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் ஓர் எண் உண்டு. எண்ணை மாற்றினேன், குரல் கண்ணாடி போல் ஆனது. மறுநாள் காலை அத்தான் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மச்சான் கை வச்சா செத்த பெட்டியும் எழுந்து உக்காரும்."

அந்தப் பாராட்டு ஒரு வாரம் தாங்கியது. பிறகு பழையபடி ஆறுகள்.

அவசரத்துக்கு உதவ வசதியாக, அந்தப் பெட்டிக்குள் என் வீட்டிலிருந்தே நுழையும் வழியை வைத்திருந்தேன். எண்ணைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். அவருக்கு எல்லார் குரலும் நன்றாகக் கேட்டது. அவர் பேசியது மட்டும் மற்றவர்களுக்குத் தகரத்தில் கூழாங்கல்லை உருட்டியது போல் போய்ச் சேர்ந்தது. கூப்பிட்டார், போனேன், சரிசெய்தேன், டீ கொடுத்தார்கள். இப்படி நாலு முறை. நாலாவது முறை அத்தான், "பெட்டியையே மாத்திடலாமா மச்சான்?" என்று கேட்டார். மாற்றினால் எனக்கு அங்கே என்ன வேலை?

அதனால் சோதனை செய்து காட்டினேன். நாம் பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஓர் அழைப்பு எண் இருக்கிறதே, நாமெல்லாம் கிளி என்போமே, அதை அழைத்தேன். மடியில் லேப்டாப். அமைப்புப் பக்கத்து எண்ணைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். கிளி என் குரலிலேயே தெளிவாகச் சொன்னது. விரலால் எண்ணைத் தள்ளிவிட்டு அதே வாக்கி டாக்கியை அத்தானிடம் கொடுத்தேன். அவர் பேசினார். கூழாங்கல் திரும்பி வந்தது.

"அதே செட்டு, அதே பெட்டி. என் குரல் போகுது, உங்க குரல் போகல. அப்ப பழுது எதுல அத்தான்?" என்றேன்.

அவர் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

அக்கா அடுப்பிலிருந்து திரும்பி, "எனக்கு நல்லாத்தானேடா கேக்குது?" என்றாள்.

"மனுசக் காது அட்ஜஸ்ட் பண்ணிக்கும்க்கா. மிஷினுக்கு அது தெரியாது. உள்ள லேசா மாறினாக்கூட அது புடிச்சிடும்."

இது அவ்வளவு நன்றாக எடுபடும் என்று எனக்கே தெரியாது.

அத்தான் கிளியோடு தினமும் பேச ஆரம்பித்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாய்ந்து, நிமிர்ந்து, மெதுவாக, உரக்க. ஒவ்வொரு முறையும் கூழாங்கல். அவர் பேசி முடித்ததும் எண்ணைப் பழைய இடத்தில் வைத்துவிடுவேன், மறுநாள் மறுபடி தள்ளுவேன். காலைக் கூட்டத்தில் நம் ஆட்களும் தங்கள் பங்குக்கு, "சார், குரல் உடையுது சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை நான் யாரையும் சொல்லச் சொல்லவில்லை. அத்தான் கூட்டத்தை நடத்தும் பொறுப்பைத் தற்காலிகமாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

பழைய டாக்டரிடமே போனார்கள். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் பழைய கட்டியின் தழும்பு இருக்கிறது, நோயாளியோ பேச முடியவில்லை என்று சாதிக்கிறார். குரல் நாணிலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதித்துவிடலாம் என்றார். அத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது நான்தான். என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

முடிவு நல்லபடியாக வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு முதலில் போனவனும் நான்தான். ஆனால் சதை எடுத்த இடம் இழுத்துக்கொண்டதில் இப்போது குரல் நிஜமாகவே கரகரத்தது. பேசப் பேசச் சரியாகும் என்றார் டாக்டர். அத்தான் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். நல்ல கையெழுத்து, வாத்தியார் அல்லவா.

நலம் விசாரிக்கப் போன நம் சங்கத்துப் பல் டாக்டரம்மா, சும்மா இராமல் பெட்டியைத் திறந்து அமைப்புப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். யார், எந்த நாளில், எந்த இடத்திலிருந்து நுழைந்து, எந்த எண்ணை எவ்வளவு தள்ளினார் என்பதையெல்லாம் அது எழுதிவைத்திருந்தது. எழுபத்தொரு முறை என்று உங்கள் கடிதத்தில் கண்டிருக்கிறீர்கள். அதில் முப்பத்தைந்து முறை திரும்பச் சரிசெய்ததற்கானவை என்பதையும் சேர்த்துப் பார்க்கக் கோருகிறேன்.

அக்காவிடம் நானே போனேன். அவள் கத்தவில்லை. "ஏன்டா?" என்றாள். நான் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது நினைவே இல்லை. அறைக்குள் அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாள் வெளியே வந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "பெட்டி சரியாத்தான் இருந்துச்சா?" என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"கிளம்பு. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றாள் அக்கா.

பல் டாக்டரம்மா எண்ணைச் சரியாக வைத்துவிட்டார். பெட்டி தினமும் காலையில் இணைப்பில் இருப்பது எனக்குத் திரையில் தெரிகிறது. ஆக, அவர் கேட்கிறார். குழு முடிவெடுக்கும்வரை கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். செய்தது அத்தனையும் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் வஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் கொஞ்சம் அதிகம். தினமும் வருகைப் பட்டியலில் அத்தான் பெயரை நான்தான் முதலில் வாசிக்கிறேன். வாசித்துவிட்டு அவர் பதிலுக்காகப் பத்து நொடி காத்திருக்கிறேன். விதிப்படி ஐந்து நொடி போதும்.