புளி போட்டுத் தேய்த்த குஷான ராஜா

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாங்கள் ஐந்து பேர். பக்கத்தில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர், ராஜா உருவம் பொறித்த, பளபளக்கும் செப்புக்காசு ஒன்றைக் காட்டி மனைவியைக் கடிந்துகொண்டிருந்தார்.

“குஷான ராஜாவுக்கு யாராவது புளி போட்டுத் தேய்ப்பாங்களாடி?”

“பூஜை சாமானோட கிடந்தது, தேய்ச்சேன்.”

“சீனாவுக்குப் பட்டு வாங்கப் போன வியாபாரிங்க கையில புழங்கின காசு. காஷ்மீர்ல கெஞ்சி வாங்கினேன். பழசுதானான்னு காலேஜ் வாத்தியாரு இன்னைக்குப் பார்த்துச் சொல்றேன்னாரு. இந்தப் பளபளப்புக்கு, நேத்து அடிச்ச காசுன்னு சொல்லிடுவாரு!”

“தேய்ச்சது நான்னு சொல்லத்தானே கூட வர்றேன்? திரும்பிப் போலாம்னு மட்டும் சொல்லாதீங்க.”

“நீ சொன்னா நம்பிடுவாரா?”

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். “தேய்ச்ச கறுப்புத் தண்ணிய நான் கொட்டலைங்க. ரெண்டாயிரம் வருஷ அழுக்கு, மோந்து பார்க்கட்டும்.”

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூடி இறுக்கமா இருக்குதா?” என்றார்.