ஆற்றுச் சிலுவைப் பயணம்

— "மே மாதம் மூன்றாம் திகதி, சனிக்கிழமை. பாசல் நகரில் விடியற்காலை முதல் மெல்லிய மழை, காற்று இல்லை. பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அமிர்தநாதர் அவர்களே..."

— இஞ்சேருங்கோ, மன்னிப்புக் கேக்கப் போறியளோ, செய்தி வாசிக்கப் போறியளோ?

— குறுக்கை கதையாதையும், சிவகலா. மன்னிப்புக் கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. முதலிலை நாள், பிறகு காலநிலை, பிறகு விளிப்பு.

— அந்த மனிசன் இப்பப் பெட்டியளோட கப்பலாலை இந்தக் கரையிலை இறங்கப் போறார். பிள்ளையள் எட்டரைக்குக் கார் கொண்டாறினம். நாலு பேரும் ஒரே காரிலை பூம்ப்ளிஸிலை வீட்டு வாசல் வரைக்கும் போகவேணும். முகத்தைப் பாத்து ரெண்டு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்.

— எந்த முகத்தோட பாக்கிறது? நாலு நாளா அவர் எங்கடை மேசைப் பக்கம் வரேல்லை. அங்கை மூலையிலை, ஆரோ தெரியாத வெள்ளையளோட இருந்து சூப் குடிக்கிறார். நான் கரண்டியைப் பாத்தபடி இருக்கிறன்.

— சம்மந்தி வீட்டுக்காரர்தானே எங்களைக் கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவை. அவற்றை மனிசி டூலிப் தோட்டம் பாக்கவெண்டு புதுச் சப்பாத்து வாங்கினவ. நீங்கள் கத்தின அடுத்த நாள் அறையை விட்டு வெளியிலை வரேல்லை. ஒரு பூவும் பாக்காமல் திரும்பி வந்திருக்கிறா.

— அதைச் சொல்லாதையும்.

— பின்னை ஆர் சொல்றது? வாற வெள்ளி உங்களுக்கு நெஞ்சிலை ஒப்பரேசன். இந்தக் கோவத்தை வைச்சுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போறது? நிலோஜினி அந்த வீட்டிலை மருமோளா வாழவேண்டாமோ?

— அதாவது சிவகலா, என்ரை தர்க்கத்திலை பிழை இல்லை. நீளச் சொல்லு வந்தாப் பயப்பிடாதையுங்கோ, பிரிச்சுப் பொருள் கொள்ளுங்கோ எண்டுதானே டொச் வகுப்பிலை ஜேர்மன் பாஷை படிப்பிச்சவை. ஹண்ட்ஷூ. பிரிச்சாக் கைச்சப்பாத்து. அதாவது கையுறை. சரியோ? இப்ப இந்தக் கப்பல் ரிக்கற்றிலை கிடக்கிற சொல்லு, ஃப்ளுஸ்குறொய்ட்ஸ்ஃபார்ட். ஃப்ளுஸ் எண்டா ஆறு, குறொய்ட்ஸ் எண்டா சிலுவை, ஃபார்ட் எண்டாப் பயணம். ஆற்றுச் சிலுவைப் பயணம்! வேதக்காரச் சம்மந்தி, உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட, ஆத்துக்கு வாங்கோ எண்டுறார். ஆருக்குத்தான் சந்தேகம் வராது?

— எனக்கு வரேல்லையே.

— உமக்கு டொச் தெரியாது.

— தெரியாததாலைதான் நிம்மதியா ஒல்லாந்தைப் பாத்தனான்.

— நானும் பாத்தனான். ஆத்தங்கரை முழுக்கக் காத்தாலையள் நாலு கையை விரிச்சுக்கொண்டு நிண்டுது. ஒவ்வொண்டும் எனக்குச் சிலுவையாத்தான் தெரிஞ்சது.

— நேத்து நிலோஜினி போனிலை என்ன சொன்னவள்?

— "அப்பா, கப்பல் ஊரூராச் சுத்திறதுக்குத்தான் அந்தச் சொல்லு, சிலுவையும் இல்லை, ஒண்டும் இல்லை" எண்டாள். பிறகு அழுதவள். "மாமாவின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிப்பன்" எண்டாள். அறுபத்தி மூண்டு வயதிலை டொச் சோதினை பாஸ் பண்ணிச் சேட்டிபிக்கட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரிலை கொழுவினனான். போனவுடனை கழட்ட வேணும்.

— சேட்டிபிக்கட் என்ன செய்தது? வாய்தானே.

— ஓம். வாய்தான். கப்பலைத் தண்ணியோட உயத்திற அந்தத் தொட்டிக்குள்ளை நிக்கேக்கை, மேல்தட்டிலை அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை, அவர் என்ரை நெத்தியைத் தொட்டார். ஈரம். ஞானஸ்நானம் எண்டே முடிவு கட்டிப்போட்டன். கையைத் தட்டிவிட்டு, "நான் சைவன், என்னை மாத்த ஏலாது" எண்டு கத்தினன். எல்லாருக்கும் விளங்கட்டும் எண்டு டொச்சிலையும் கத்தினன்.

— "ஹில்ஃப", காப்பாத்துங்கோ எண்டும் கத்தினியள். கப்பல்காரப் பொடியன் ஆரோ விழுந்திட்டினம் எண்டு மிதக்கிற வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன்.

— சிரிக்கிறீரே?

— இல்லை.

— அந்த மனிசன் என்ன சொன்னவர்? "மேலை தூக்கின தொட்டிக் கதவாலை சொட்டின தண்ணி சம்மந்தி, துடைச்சு விட்டனான்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு போனார். ஒருத்தன் என்ரை நெத்தியைத் துடைச்சிருக்கிறான். நான் அவனைக் கள்ளனாக்கிப் போட்டன்... என்ன, அழுறீரோ?

— மழைத்தண்ணி. அந்தா, வாறார்.

— சம்மந்தி! அமிர்தநாதர்! ஒரு நிமிசம்.

— ஓ, தம்பிராசா சம்மந்தியே. கேளுங்கோவன், இந்தப் பெட்டியின்ரை சில்லு கழண்டு போச்சு. மனிசி பின்னாலை மற்றப் பெட்டியோட வாறா.

— "மே மாதம் மூன்றாம் திகதி, சனிக்கிழமை. பாசல் நகரில்..."

— என்ன சம்மந்தி, திகதி சொல்றியள்?

— "...என் அறியாமையாலும் ஆணவத்தாலும், பலர் முன்னிலையில் தங்களுக்கு இழைத்த அவமதிப்பை நினைந்து நாணுகிறேன். தாங்கள் என் நெற்றியின் ஈரத்தைத் துடைத்தீர்கள். நான் அந்தக் கையையே தட்டிவிட்டேன்..."

— ஐயோ, விடுங்கோ. கேளுங்கோவன், அது முடிஞ்ச கதை.

— முடியேல்லை, சம்மந்தி. எனக்கு வசனமும் மறந்து போச்சு. காலிலை விழுறன்.

— மாதாவே! எழும்புங்கோ! நெஞ்சு வருத்தக்காரன் இப்பிடிக் குனியிறதே? தங்கச்சி, பிடியுங்கோ அவரை!

— மன்னிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, எழும்புறன்.

— என்னாலை சொல்ல ஏலாது.

— பாத்தீரோ சிவகலா, மன்னிக்கமாட்டாராம்.

— அப்பிடி இல்லை! கேளுங்கோவன்... தங்கச்சி, நாலு நாளாத் தனியா இருந்து சாப்பிட்டனான், ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். இவற்றை முகத்தைப் பாத்து இன்னொருக்காப் பொய் சொல்ல எனக்கு வராது. இப்ப காலிலை வேறை விழுறார்.

— காணும் அண்ணை. நானே சொல்றன். இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. அது கதவாலை சொட்டின தண்ணி இல்லை.

— என்ன?

— மரியஸ்டைன் மாதா கோயில் தீர்த்தம். நான்தான் சின்னப் போத்திலிலை கொண்டந்து அண்ணையிட்டைக் குடுத்தனான். நித்திரையிலை நானே பூசியிருப்பன். நீங்கள் நித்திரை கொண்டாத்தானே? ஆஸ்பத்திரியாலை திகதி வந்த நாளிலை இருந்து விடிய விடிய முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறியள். அண்ணை வேதக்காரர், அவற்றை கையாலை பூசினா மாதா கேப்பா எண்டு கும்பிட்டுக் கேட்டனான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினதும் நான்தான். அவர் ஏச்சு வாங்கேக்கை, பக்கத்திலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டதும் நான்தான்.

— நீர்... மாதா கோயிலுக்குப் போறனீரோ?

— மாசத்திலை ஒருக்காப் போறனான். போய்ப் பாருங்கோ, அங்கை நிக்கிறதிலை பாதி எங்கடை முருகன் கோயில் சனம்தான்.

— சம்மந்தி, கேளுங்கோவன், மதம் மாத்த இல்லை. ஆண்டவர் அறிய, நீங்கள் சுகமா எழும்பி வரவேணும் எண்டுதான்...

— இஞ்சேருங்கோ, ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ. அண்ணையை விடுங்கோ.

— மணி எட்டு இருபத்தேழு. பிள்ளையள் வரப்போகினம். சம்மந்தி, அந்தப் போத்திலிலை மிச்சம் ஏதும் இருக்கோ?