சிங்கப்பூருக்கு மட்டும் தெரிகிற படம்

– இன்னொருக்காச் சொல்லுங்க மச்சான். எனக்குக் காதுல சரியாத்தான் விழுந்துச்சான்னு பாத்துக்குறேன்.

– சரியாத்தேன் விழுந்துருக்கும் சேதுலட்சுமி. கீழத்தெருப் பயலுக படம் இங்கன யாரு தொறந்தாலும் தெரியக் கூடாது. சிங்கப்பூர்ல தொறந்தா தெரியணும். அம்புட்டுத்தேன்.

– நம்ம அய்யனார் கோயில் வெப்சைட்லயா?

– பின்ன எதுல? நீ பண்ணிக் குடுத்த அதே ஓசி வெப்சைட்டுதேன். எங்கொழுந்தியா ராமநாதபுரத்துல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரியிறேன்.

– நாளைக்குக் கும்பாபிஷேகம். கோயில் கமிட்டித் தலைவரு நீங்க. தலைக்கு மேல வேலை கெடக்கும். அதையெல்லாம் விட்டுப்புட்டு இதுக்கா பஸ் ஏறி வந்தீக?

– வராம? நேத்து நம்ம மேலத்தெருப் பொன்னுச்சாமி அண்ணன் நயினார்கோவில்ல மகன் வீட்டுல வச்சுப் பாத்துருக்காக. தொறந்ததும் மொதப் படமே சிங்கப்பூர்ல கட்டட வேலை பாக்குற வேல்சாமியும் அவென் கூட்டாளிகளும். தலைல மஞ்சத் தொப்பி, பின்னால பாதிக் கட்டடம். கீழ ‘கோயில் மணி இவர்கள் உபயம்’னு எழுத்து. மனுசன் சோத்துல கை வைக்கலையாம்.

– மணி வாங்கிக் குடுத்தது அவுகதான?

– ஆமா. யாரு இல்லைன்னா?

– மணிச் சத்தம் மட்டும் மேலத்தெருவுக்குள்ள வரலாமாக்கும்?

– இந்தா, வாயக் கொற. நீயும் மேலத்தெருவுல பெறந்தவதேன், மறந்துறாத.

– மறந்தா நல்லாத்தேன் இருக்கும். சரி, அப்ப படத்தையே எடுத்துருவோம். ஒரு கிளிக்கு. முடிஞ்சு போச்சு.

– வெவரங்கெட்டவளா இருக்கியே! எடுத்தா அவனுக கேப்பானுகல்ல? கோயிலுக்குச் சுத்துச்சுவரு இன்னும் பாக்கி கெடக்கு. ஞாயித்துக்கெழமையானா எல்லாப் பயலும் ஒண்ணாக் கூடி அந்தப் படத்தத்தேன் பாக்குறானுகளாம். நம்ம மூஞ்சி கோயில்ல ஏறிருச்சுன்னு அங்கன ஒரே கொண்டாட்டம். அந்தச் சந்தோசத்த நாம ஏன் கெடுக்கணும்?

– ச்சீ.

– என்ன ச்சீ?

– சுவரு கட்ட அவுக காசு வேணும், மூஞ்சி வேணாம். இத வெளிய சொல்ல ஒங்களுக்கு நாக்கு கூசலையா?

– நாக்கெல்லாம் கூசாது. ஊருன்னா நாலு பேர அனுசரிச்சுத்தேன் போகணும். எங்க அக்கா மகன், இஞ்சினியரிங் படிக்கிறவன், எல்லாம் சொல்லிட்டான். அந்த வெப்சைட்ல கீழ ஒரு பொட்டி இருக்காம்ல. அதுல நாமளா ஸ்கிரிப்ட்டுன்னு கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதி ஒட்டலாமாம். பாக்குறவன் கம்ப்யூட்டர்ல ஓடுறது இந்தியா நேரமா, சிங்கப்பூர் நேரமான்னு அதுவே கண்டுக்குமாம்.

– அந்தப் பொட்டியிலதேன் பூ விழுக வச்சேன். அய்யனார் தலைல மல்லிகப்பூ உதிருதுன்னு பஸ் ஏத்தி ஆளக் கூட்டியாந்து காமிச்சீகளே.

– அதே பொட்டிதேன் ஆத்தா. பூவ உதுக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு படத்த மறைக்கத் தெரியாதா?

– தெரியும். தெரியுறதுதேன் அசிங்கமா இருக்கு. இந்த வெரல வச்சு அப்பறம் நான் சோறு திங்கணும்ல?

– பெரிய பேச்செல்லாம் வேணாம்.

– வேல்சாமி ஆத்தா முருகம்மா நாளைக்கு இங்கன வருது மச்சான். கும்பாபிஷேகம் முடியவும் நேரா வாரேன்னு சொல்லியிருக்கு. அது கம்ப்யூட்டரையே பாத்ததில்ல. மகன் படம் கோயிலோட சேத்துத் தெரியுதாமே, காட்டு ஆத்தான்னு கேட்டுச்சு. அதுக்கு நான் என்னத்தக் காட்ட? உதுருற பூவையா?

– கரண்டு இல்லைன்னு சொல்லு.

– அட பாவி மச்சான்!

– என்ன நொட்டச் சொல்லு சொல்லிப்புட்டேன்? நெசமாவே பாதி நாளு கரண்டு இல்ல. நாலு தடவ அலைஞ்சா அதுவே விட்டுரும்.

– நம்ம வயல்ல நாத்து நட்டே முதுகு கூனிப் போன மனுசி. ஒங்க வீட்டு நெல்லு பூரா அது கைல மொளச்சது.

– அதுக்குக் கூலி குடுத்தாச்சு. இங்க பாரு சேது, ஒங்கக்கா மொகத்துக்காக இம்புட்டு நேரம் பொறுமையாப் பேசுறேன். இந்தக் கடை யாரு கட்டடத்துல இருக்குன்னு நெனப்பு இருக்கா?

– இருக்கு.

– நாளைக்கே வேற ஆளுக்கு விட எனக்கு எம்புட்டு நேரமாகும்?

– சரி. தள்ளி ஒக்காருங்க. எழுதுறேன்.

– அப்பிடி வா வழிக்கு. ஒரு டீ சொல்லட்டுமா?

– வேணாம்.

– என்னமோ ரொம்ப நேரமா தட்டுற? ஒரு படத்த மறைக்க இம்புட்டு எழுத்தா?

– ரெண்டு ஊருக்கும் ரெண்டு வெதமா எழுதணும்ல. ஒட்டியாச்சு. இப்பப் பாருங்க.

– அடி ஆத்தி! தொடச்சுவிட்ட மாதிரில்ல போச்சு! அய்யனாரு இருக்காரு, பூ விழுகுது, பயலுக ஒருத்தனையும் காணோம். அங்கிட்டு மட்டும் தெரியுமா?

– அவுககிட்டயே கேளுங்க. ஞாயித்துக்கெழமதான. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.

– ஹலோ... ஏலே வேல்சாமி, நான் குருநாதன் பேசுறேன்டா.

– அய்யா, கும்புடுறேங்கய்யா! நாங்க எல்லாரும் இங்கன கம்ப்யூட்டர் முன்னாடிதேன் நிக்கிறோம்.

– நம்ம வெப்சைட்டத் தொறந்து பாரு. ஒங்க படம் தெரியுதாடா?

– இருங்கய்யா... தெரியுதுங்கய்யா! பளிச்சுன்னு தெரியுது.

– கேட்டியா சேது? வேலு, ஒங்களயெல்லாம் விட்டுட்டு அந்தக் கோயிலு உண்டாடா?

– இந்த வார்த்த போதுங்கய்யா எங்களுக்கு. படத்துக்குக் கீழ என்னமோ புதுசா எழுதியிருக்கீகளே?

– எழுத்தா? இங்கன ஒண்ணுமில்லையே. சேது, என்னது அது?

– இங்கன எப்பிடித் தெரியும் மச்சான்? இது இந்தியா நேரம்ல.

– நான் வாசிக்கிறேங்கய்யா. ‘இந்தப் படம் உங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, உன் ஆத்தாவுக்கும் தெரியாது. மறைக்கச் சொன்னவர் குருநாதன். மறைத்தவள் சேதுலட்சுமி.’