நீதிபதி கிந்தானா வாங்கிய கல்லறை

மேடையில் அமர்ந்திருக்கும் ஐந்து இயக்கங்களின் ஐந்து தலைவர்களே! ஐவருக்கும் ஒரே உயரத்தில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆகவே யார் பெயரை முதலில் சொல்வது என்ற வழக்கை இன்று ஒரு நாள் தள்ளுபடி செய்துவிடுகிறேன். பாதிரியார் அன்செல்மோ அவர்களே! கியூபாவை விட்டு மியாமியில் வந்து விழுந்து, நாளைக்கே திரும்பிவிடுவோம் என்று இன்னும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் அமெரிக்க நண்பர் மிஸ்டர் ஹால் அவர்களே! போன வருடம் அவருக்கு வேறு பெயர். அதனால் என்ன, அவருக்கும் வணக்கம்!

வானொலியில் இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே! முக்கியமாக, தெற்கே அலையாத்திக் காட்டு முகாமில் ஒற்றை ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளே! உங்களுக்கு மட்டும் இரண்டு முறை வணக்கம். பெட்டிக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

போய்விட்டார் நம் நீதிபதி எவாரிஸ்தோ கிந்தானா! கியூபா மீட்புக் கூட்டுக்குழுவின் தலைவர் போய்விட்டார்! கார்தெனாஸ் நகரத்து நீதிமன்றத்தில் அவர் இருமினால் வக்கீல்கள் எழுந்து நிற்பார்கள். அதே மனிதர் இந்த ஊரில் ஓட்டலில் தட்டு கழுவினார். அதைச் சொல்லி ஒரு நாளாவது அழுதாரா? என்னிடம் சொன்னது இதுதான்: "ஸ்டேஷன் மாஸ்டரே, அங்க அழுக்கு ஆளுங்க கழுவாமலே வெளியே போனாங்க. இங்க தட்டாவது சுத்தமா போகுது."

நான் பல்தோமேரோ, கார்தெனாஸ் ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். இப்போது லிப்ட் இயக்குகிறேன். ரயில் முன்னால் போகும், லிப்ட் மேலும் கீழும் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். இவருடைய குழுவில் துணைத் தலைவர் என்று எனக்கொரு பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்தால் இன்று என்ன வினை வந்திருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புரட்சி வந்த அன்று நீதிமன்ற மாடத்தில் நின்று கை தட்டியவர் கிந்தானா. மறைக்க என்ன இருக்கிறது? பழைய சர்வாதிகாரி காலத்தில் மாணவர்களை விடுதலை செய்ததற்காக வீட்டு ஜன்னலுக்குக் குண்டு வாங்கியவர் அவர். கை தட்டாமல் என்ன செய்வார்? ஆனால் ஒரு நாள் புதிய அதிகாரி ஒருவன் அவர் மேசையில் ஒரு தாளை வைத்தான். மரண தண்டனைத் தீர்ப்பு, தட்டச்சு செய்தே வந்திருந்தது. இவர் கேட்டார்: "தம்பி, தீர்ப்பு வந்துடுச்சு. வழக்கு எப்ப வரும்?" அன்று மாலையே அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்த வாரம் இங்கே தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

இங்கே வந்து நாம் என்ன செய்தோம்? இயக்கம் கண்டோம்! ஒன்றல்ல, ஐந்து! ஐந்தும் தனித்தனியே அமெரிக்க நண்பர்களின் கதவைத் தட்டின. படகு கொடு, துப்பாக்கி கொடு, ஆட்சியைக் கவிழ்த்துக் காட்டுகிறோம் என்றன. நண்பர்களோ, ஒரே வாயாக வாருங்கள், பேசலாம் என்றார்கள். ஒரே வாயா, நாமா? முதல் கூட்டத்தில் யார் மேசையின் தலைமை இடத்தில் உட்காருவது என்பதிலேயே மூன்று வாரம் போனது. நான்காவது வாரம் போனால் அறையில் நாற்காலியே இல்லை! நீதிபதி எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டிருந்தார். "முட்டி வலிக்கிற வரைக்கும் பேசுங்கய்யா" என்றார். ஒரு மணி நேரத்தில் கூட்டுக்குழு பிறந்தது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

நண்பர்களிடமும் அவர் அப்படித்தான். மிஸ்டர் ஹால் ஒரு நாள் ஓட்டல் சமையலறைக்கே வந்தார். வருங்கால மந்திரிகள் யார் யார் என்று முன்பே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். நீதிபதி அவர் கையில் ஒரு துணியைக் கொடுத்து ஈரத் தட்டுகளைத் துடைக்கச் சொன்னார். "படகு உங்களுது, அதுக்கு நன்றி. மந்திரி எங்களுது. எங்க வீட்டுக் குழம்புக்கு நாங்களே உப்புப் போட்டுக்கறோம்." மிஸ்டர் ஹால் துடைத்தாரா இல்லையா, அவரையே கேளுங்கள். தலையாட்டுகிறார், துடைத்தாராம்!

அப்படிப்பட்டவரைத்தான், என் அருமை மக்களே, கடைசி இரண்டு மாதம் இந்த ஊர் காறித் துப்பியது!

ஏன்? அவர் ஒரு கல்லறை வாங்கினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நம்மில் யாரும் இந்த மண்ணில் புதைவதில்லை. சுவர் மாடத்தை வாடகைக்கு எடுக்கிறோம், பெட்டியை உள்ளே வைக்கிறோம், நாடு மீண்டதும் கப்பலில் ஊருக்குக் கொண்டுபோவோம் என்று காத்திருக்கிறோம். இங்கே மண் வாங்கினால், இனித் திரும்பப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நீதிபதி மண் வாங்கிவிட்டார் என்ற சேதி காப்பிக் கடை ஜன்னலில் பரவியது. என் காதாலேயே கேட்டேன்.

"கிழவர் கணக்கை முடிச்சுட்டாருப்பா."

"முடிச்சாரா, வித்தாரா? அங்க ஆளுற தாடிக்காரன் ஆளுங்ககிட்ட என்ன வாங்கினாரோ!"

"தலைவரே குழியில இறங்கிட்டா, நாம எங்க போய்க் கரையேறுறது?"

அவர் அதே ஜன்னலில் நின்று காப்பியைக் குடித்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டு நடந்தார். நானே கோபப்பட்டேன். ஏன் வாங்கினீர் என்று கேட்டேன். "காரணம் இருக்கு" என்றார். 

செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்தோமே, எங்கே செய்தோம்? அந்தக் கல்லறையிலா? இல்லையே! வாடகை மாடத்தில், நம் எல்லோரையும் போல! அவர் எழுதி வைத்தது அது. அப்படியானால் அந்தக் கல்லறையில் இருப்பது யார்? பெயர் எழுதாத அந்தக் கல்லுக்கு அடியில் யார்? அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

முகாமை நடத்தும் கமாண்டர் பெர்மின், உட்காருங்கள். நான் இரங்கல் உரைதான் பேசுகிறேன். இரங்க வேண்டிய இன்னொருவரும் இருக்கிறார். உட்காருங்கள் என்றேன்!

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மார்ச் மாதம் ஒரு படகு போனது. ஆறு பிள்ளைகள். கரையில் இறங்கி வேலையை முடியுங்கள், திரும்ப ஏற்றிக்கொள்ள ஒரு கப்பல் காத்திருக்கும் என்று நண்பர்கள் வாக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் போனார்கள், சண்டை போட்டார்கள், கடலுக்குத் திரும்பினார்கள். கப்பல் எங்கே? இல்லை! மேலிடத்தில் மனம் மாறிவிட்டதாம். ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்து இறைத்து வந்து சேர்ந்தார்கள். வயிற்றில் குண்டு பட்ட ஒருவன் வழியிலேயே போய்விட்டான்.

அமெரிக்க நண்பர்கள் சொன்னார்கள்: அப்படி ஒரு படகே போகவில்லை. ஆகவே அப்படி ஒருவன் சாகவும் இல்லை. உடலைக் கடலிலேயே போட்டுவிடுங்கள். பெயர் வெளியே வந்தால், அன்றோடு படகும் இல்லை, உதவியும் இல்லை. நீதிபதி அவர்களிடம் சொன்னார்: "இறந்தவனுக்கு இடம் கிடையாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல." தன் பெயரில் கல்லறை வாங்கினார். அந்தப் பிள்ளையின் தாய் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று வாங்கினார். வசவை முழுவதும் தன் தலையில் வாங்கிக்கொண்டு, உதவி நின்றுவிடக் கூடாதே என்று பெயரை மட்டும் எழுதாமல் விட்டார். அது சரியா? சரியில்லை என்று கடைசியில் அவரே சொன்னார்.

இந்த அரங்கில் மஞ்சள் உடுப்பில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். ஒர்தென்சியா. அவர் உள்ளே வரும்போது முகம் சுளித்தீர்களே! துக்கக் கூட்டத்துக்கு மஞ்சளா என்று முணுமுணுத்தீர்களே! மார்ச்சிலிருந்து அவர் கறுப்பு உடுத்தவில்லை. ஏன் உடுத்தவில்லை? கறுப்பு உடுத்தினால் நீங்கள் கேட்பீர்கள், யார் செத்தது என்று! மகன் கல்லறைக்கும் பூப்போட்ட பாவாடையில் போய், யாருக்கோ வந்தவரைப் போல நின்றுவிட்டு வருகிறார். மனசு கொதிக்கிறது எனக்கு. உங்களுக்குக் கொதிக்கவில்லையா?

அவருடைய இரண்டாவது மகன் ராமிரோ அந்த முகாமில் இருக்கிறான். கடிதம் போகாது, ஆள் போக முடியாது. அவனுக்கு அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? உன் அண்ணன் திரும்பி வரவில்லை, அங்கேயே மலையில் நின்று போராடுகிறான், நீ போனால் அவனோடு சேரலாம் என்று! சனிக்கிழமை மறுபடி ஒரு படகு. மறுபடி அதே வாக்கு, கப்பல் காத்திருக்குமாம். குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் ராமிரோ அந்தப் படகில் ஏறுவான். நீதிபதியிடம் கேட்டார்கள். "கப்பல் வரும்னு நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார். போடவில்லை. இப்போது அவர் இல்லை. பேனா என்னிடம் வந்திருக்கிறது. என் பட்டத்தால் வந்த வினை இதுதான்.

யாரது, வானொலிக் கம்பியிடம் போவது? ஏய் தம்பி, அதிலிருந்து கையை எடு! வாசல் பக்கம் இருக்கும் பெரியவர்களே, கொஞ்சம் அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நில்லுங்கள். நன்றி.

என்னைத் துரோகி என்று நாளைக்கு அந்த ஜன்னலில் பேசுவீர்கள். பேசுங்கள், காப்பி என் செலவு. எனக்கு ஊர் திரும்ப ஆசையில்லையா? என் நிலையத்து மணியை ஒரு முறை அடித்துவிட்டுச் சாக வேண்டும் எனக்கு! ஆனால் நம் பிள்ளையைக் கொண்டுபோய், செத்தால் பிறக்கவே இல்லை என்று சொல்கிற உதவி, யாருக்கு உதவி?

நேற்று ஒர்தென்சியாவின் சமையலறைக்குப் போனேன். சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தார். "சொல்லிடுங்க, பல்தோமேரோ. ஒருத்தன் போய்ட்டான். இன்னொருத்தன் போய்ட்டு, அவனுக்கும் நான் மஞ்சள் கட்டணுமா?" என்றார்.

நீதிபதி எவாரிஸ்தோ கிந்தானா அவர்களே! உங்கள் பணியைத் தொடர்வேன் என்று இந்த மேடையில் உறுதி சொல்ல வந்தேன். சொல்கிறேன். அந்தப் பேனாவை நான் தொட மாட்டேன். நாட்டுக்காகப் போராடுவோம், ஆனால் பெயர் சொல்ல முடியாத சாவுக்கு ஒரு பிள்ளையையும் அனுப்ப மாட்டோம். அந்தக் கல்லில் பெயர் வெட்டுவோம். மிஸ்டர் ஹால், நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுவதைப் பார்க்கிறேன். படகுகளும் உங்களோடு போகும், தெரியும். போய் வாருங்கள்.

எழுந்து நில்லுங்கள் எல்லோரும். நம் ஒவ்வொரு கூட்டமும் எப்படி முடியும்? மாண்டவர் பெயரைக் கூப்பிடுவோம், எல்லோரும் சேர்ந்து "இருக்கிறார்!" என்போம். அப்படியே கூப்பிடுகிறேன்.

எவாரிஸ்தோ கிந்தானா!

நன்று. அடுத்த பெயருக்கு நீங்கள் யாரும் குரல் கொடுக்க வேண்டாம். மார்ச் மாதத்திலிருந்து இந்தப் பெயரை நாம் கூப்பிடவே இல்லை. முதலில் பதில் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அந்த ஒலிபெருக்கியை அவரிடம் நகர்த்துங்கள்.

அமாதோ பெர்னால்!

இன்னும் கொஞ்சம் சத்தமா, ஒர்தென்சியா. ராமிரோவுக்குக் கேக்கணும்.