கசக்காத மாத்திரை

எங்கள் தெருச் சங்கக் கூட்டத்துக்குத் தேநீர் போடுவது நான்தான், ஐயா. மற்றவர்கள் போட்டால் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். கூட்டம் என் சலவைக்கடையின் பின்னறையில், இஸ்திரி மேசையைச் சுற்றி நடக்கும்.

சங்கம் பிறந்தது என் தம்பியால். ஏணியிலிருந்து விழுந்து முதுகு உடைந்தவனுக்கு மருத்துவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். முதுகு ஆறியது, மாத்திரை அவனை விடவில்லை. கடைகடையாக ஏறி இறங்கினான். ஒரு நாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்றைக்கு உடைந்த மனசு இன்னும் ஒட்டவில்லை.

சங்கத்தில் ஒரே ஒரு விதிதான். வலி மாத்திரை சாப்பிடுகிறவர் கையில் அது இருக்கக் கூடாது. நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கும். வேளைக்கு அவர் ஒன்றைக் கொடுப்பார்; விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் தச்சர் மீண்டார், பேருந்து ஓட்டுநர் மீண்டார். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நல்லதாகத்தான் சொல்வார்கள்.

பிறகு என் தங்கைக்கு வந்தது. புற்று எலும்புவரை போயிருந்தது. என் வீட்டோடு வைத்துக்கொண்டேன். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி குணமாகாதும்மா. பழகிடுமேன்னு பயப்படாதீங்க. வலி இல்லாம வச்சுக்குங்க, அது போதும்" என்றார். தம்பியைத் தின்ற அதே மாத்திரையை எழுதினார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? மாத்திரைகளை வாங்கிக் கடை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கால்சியம் மாத்திரையும் அதே வெள்ளை, அதே வட்டம். அதைக் கொடுத்தேன். உடம்புக்கும் நல்லதுதானே.

மருத்துவமனையில் அவள் அசலைச் சாப்பிட்டிருந்தாள். அதனால் முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"அக்கா, இது கசக்கவே இல்லையே?"

"கம்பெனிய மாத்திட்டாங்கடி."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, நான் கேட்காமலேயே நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தூக்கத்தில் மட்டும் அனத்துவாள். பழக்கம் விட்டுப் போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று கூட்டத்தில் சொன்னேன். தச்சர்தான், "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்க்கா. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். வலியைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

கடைசிக் கூட்டத்துக்குத் தன்னையும் கூட்டிப் போகச் சொன்னாள். நாற்காலியோடு தூக்கி வந்தோம். மேசையைப் பிடித்து எழுந்து நின்றாள். வேர்த்துக் கொட்டியது. "எங்க அக்கா கையால எது குடுத்தாலும் எனக்கு மருந்துதான். நான் நல்லா இருக்கேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு அழுதேன். தம்பியைக் கோட்டைவிட்டவள் இவளையாவது கரை சேர்த்துவிட்டேன் என்று அப்படியொரு நிறைவு.

அந்த வாரமே போய்விட்டாள். அவள் உதடெல்லாம் புண்ணாகியிருந்ததைப் பார்த்த மருத்துவர்தான் உங்கள் காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, அது அவர் கடமை.

அலமாரியை நானே திறந்து காட்டினேன். அசல் மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தீர்கள். ஒன்றுகூட அவள் வயிற்றுக்குள் போகவில்லை. மாற்றிக் கொடுத்தது நான்தான். அவள் சாகும் நாள்வரை மாற்றித்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் தங்கை மாத்திரைக்கு அடிமையாகச் சாகவில்லை, அதையும் எழுதுங்கள்.

துவாலையைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது. ஓரமெல்லாம் கடிபட்டு நார்நாராகியிருந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தேன்.

வலித்திருந்தால் சொல்லியிருப்பாள், ஐயா. நானும் அவளும் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைத்ததே இல்லை.