மை காயும்வரை

உலகக் குதிரைக் கதை இலக்கியத்துக்கு மிக முக்கியமான ஓர் அறிவிப்பைச் செய்யவேண்டியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. 'புதர்வெளிப் புரவி' நாவலின் முதற்பதிப்பில், மேலுறை கீறல் படாத பிரதி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. தயவுசெய்து தேநீர்க் கோப்பையைத் தள்ளி வையுங்கள்.

நான் க்ளைவ் டாப்ஸ்காட், பழைய குதிரை நாவல் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர். குதிரை ஏறியதில்லை, கிட்டே போனாலே தும்மல் வரும். நாவலை எழுதிய ஹெஸ்டர் பெல்லமி எக்ஸ்மூர் புதர்வெளியின் ஓரத்தில் தனியாக இருந்தார். தொண்ணூறைத் தாண்டியும் வாய் மட்டும் தளரவில்லை. பிள்ளைகள் ஜாம் ஒட்டிய பிரதியை நீட்டினால் பக்கம் முழுக்க எழுதி, குதிரைப் படமும் வரைந்து கொடுப்பார். எங்கள் சங்கத்தார் யாருக்கும் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. என்னைக் கண்டால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"வா கண்ணு. இன்னிக்காவது அதைப் படிச்சியா?"

விரித்தால் புத்தகத்தின் முதுகு உடைந்துவிடும் என்று விளக்குவேன்.

"குதிரைகிட்ட குடுத்திருந்தாக்கூட ஒரு பக்கத்தை மென்னு பாத்திருக்கும்."

நான் கோபித்துக்கொண்டதில்லை. எழுத்தாளர்களுக்குப் புத்தகத்தின் அருமை தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் தேநீருக்கு ஸ்கோன் ரொட்டி வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் என் பிரதியோடு போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து கோப்பை சரிந்தது. நான் முதலில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பேச்சு கஞ்சி மாதிரிக் குழைந்தது. பக்கவாதம் எனக்குப் புதிதல்ல. என் அப்பாவுக்கு வந்தது. உடனே கொண்டுபோனதால் பிழைத்தார்.

அம்மையாருக்கு வலது கை நன்றாக இருந்தது. அதைத்தான் கவனித்தேன். அந்தக் கை மேசைமேல் இருந்த டெலிபோனை நோக்கிப் போனது. மேசையோ சின்னது, புத்தகம் வைக்க இடம் வேண்டும். டெலிபோன் ஏன் ஜன்னல் விளிம்புக்குப் போனது என்று கேட்டீர்களே, இதுதான் காரணம். தலைப்புப் பக்கத்தை இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்து, பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

எழுதினார். 'டாக்டரைக் கூப்பிடு.' எழுத்தில் நடுக்கமே இல்லை.

"கீழ உங்க பேரையும் போட்டுடுங்கம்மா" என்று பணிவாகக் கேட்டேன்.

என்னைப் பார்த்தார். விழுந்த குதிரையின் கண்ணைப் பற்றி அவர் நிறைய எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள், நான் படித்ததில்லை. 'ஹெ' வரை போட்டார். பேனா உருண்டது.

பிறகு மை. பேனா மை காய நேரம் பிடிக்கும். மூடினால் எதிர்ப்பக்கத்தில் கறை ஏறும். ஒற்றுத்தாள் வைத்தால் நிறம் மங்கும். அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள். கையாலாகாமல் உட்கார்ந்திருந்தேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். வேலிக்கு வெளியே மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தும்மல் வந்தது. புத்தகத்தில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கை குளிர்ந்ததும் மை காய்ந்ததும் ஏறத்தாழ ஒரே சமயம். அதற்கப்புறம் தாமதமே செய்யாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சின்ன வயதில் இந்தக் கதையைப் படித்து அழுததாகச் சொன்னீர்கள். "சேத்துல சிக்கின குதிரைக்காக அந்தப் பொண்ணு வெறுங்காலோட ஊருக்குள்ள ஓடுவாளே சார், அதுகூடவா தெரியாது?" என்றீர்கள். தெரியாது. நல்ல காட்சியாகத்தான் இருக்கும்போல.

நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் எதற்காக என்பதையும் எழுதுங்கள். இலக்கியம் என்று ஒன்று இருக்கிறது.

அவ்வளவு அகலமாகத் திறக்காதீர்கள், முதுகு உடையும்.

தலைப்புப் பக்கத்தின் பின்புறமா? நான் பார்த்ததில்லை. அங்கே பார்க்க முழுக்க விரிக்கவேண்டும். மேலுறையை நம்பித்தான் வாங்கினேன். என்ன போட்டிருக்கிறது, வாசியுங்கள்.

இரண்டாம் பதிப்பா?

அப்படியானால் கோப்பையை அதன்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.