கறுப்பு டானிக்

மயிலாப்பூர் டிராமில் என் எதிரே இரண்டு ஓரகத்திகள். இருவருமே பிள்ளைத்தாய்ச்சிகள்.

"நர்ஸம்மா குடுத்த டானிக்க சாக்கடையில ஊத்திட்டேன்," என்றாள் மூத்தவள். "கன்னங்கரேல்னு கீது. உனக்குச் செவப்பா பொறக்கும், எனக்குக் கறுப்பா பொறக்கணுமா?"

"எனக்கும் அதே டானிக்குதான்க்கா. மருந்துக் கலரு புள்ளைக்கு ஒட்டாதாம். ரத்தம் ஊறுமாம். பிரசவத்துல ரத்தம் போனாலும் தாங்குமாம். நர்ஸம்மா வெவரமா சொன்னாங்க."

"உன்னாண்ட மட்டும் வெவரமா சொல்லுவா!"

"நீதான் பாதியில எழுந்து போய்ட்டியே."

மூத்தவள் இளையவளின் கன்னத்து மினுமினுப்பை எரிச்சலோடு பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வந்ததும் விருட்டென்று எழுந்தாள்.

"கோயிலுக்கு வரலியாக்கா?"

"வேற பாட்டில் வாங்கினு வரேன். உனக்கு மட்டுந்தான் ரத்தம் ஊறணுமா?"